மகனின் உடலை மறைக்க மறுத்த தாய்... மாலத்தீவு மாறிய கதை!

மாலத்தீவு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நடிகைகளின் இன்ஸ்டாகிராம் படங்கள்தான். நீலக்கடல், தண்ணீருக்கு மேல் மரவீடு, அலை தொடும் ஊஞ்சல். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு என்றால் மாசிக் கருவாடு நினைவுக்கு வரும். தேனிலவுக்கு பட்ஜெட் போட்டுத் தேடுகிறவர்களுக்கு இப்போது இன்னொரு பெயரும் பழக்கம்: மாஃபுஷி. பெரிய ரிசார்ட்டுகளுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் தங்குவதற்கு கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைந்த தீவு அது. தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீடு போட்டில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அந்தத் தீவின் மொத்த நீளமே ஒன்றேகால் கிலோமீட்டர்தான். அதில் சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத ஒரு பகுதி உண்டு. மாலத்தீவின் முக்கியமான சிறை அங்கேதான் இருக்கிறது.

2003-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தச் சிறையில் 19 வயதுப் பையன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். அவன் பெயர் இவான் நசீம். அவன் அரசியல்வாதி இல்லை. போராட்டக்காரனும் இல்லை. போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று உள்ளே இருந்தவன். அவன் சாவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசாமலே போயிருக்கலாம். அதற்கு முன்பும் சிறையில் அடி வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஊர் ரகசியமாகத்தான் பேசிக்கொண்டது.

ஆனால், இவானின் தாய் ஒரு முடிவு எடுத்தார். அந்த முடிவுதான் 30 ஆண்டுகள் ஒரே மனிதர் ஆண்ட ஒரு நாட்டை அசைத்தது.

தீவே சிறை!

அதைப் புரிந்துகொள்ள அந்த நாட்டின் பழைய வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். மக்கள் வசிப்பது அதில் 200-க்கும் குறைவான தீவுகளில். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவரைத் தண்டிக்க மதில் சுவர் தேவையில்லை. ஒரு படகு போதும். தலைநகரிலிருந்து ஏற்றிக்கொண்டு போய், சொந்தபந்தம் யாரும் இல்லாத தூரத்துத் தீவு ஒன்றில் இறக்கிவிடுவார்கள். தண்டனைக் காலம் முடியும்வரை அந்தத் தீவைவிட்டு வெளியேறக் கூடாது. சுற்றிலும் கடல் இருக்கும்போது தனியாகக் காவல் எதற்கு? நூற்றாண்டுகளாக அங்கே இதுதான் தண்டனை. 'தீவு கடத்தல்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தத் தண்டனை சாதாரண மக்களோடு நிற்கவில்லை. 1953-ம் ஆண்டு ஜனவரியில் மாலத்தீவு முதன்முறையாகக் குடியரசானது. முதல் அதிபர் முகமது அமீன் திதி. பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பதவி இழந்தார், கூட்டத்தால் தாக்கப்பட்டார், தீவில் அடைக்கப்பட்டார். 1954 ஜனவரியில் விஹமானாஃபுஷி என்ற தீவில் இறந்துபோனார். நாடு மறுபடியும் சுல்தான் ஆட்சிக்குத் திரும்பியது.

அந்த விஹமானாஃபுஷி இப்போது என்ன ஆனது தெரியுமா? 1972-ல் மாலத்தீவின் முதல் சுற்றுலா ரிசார்ட் திறக்கப்பட்டது அங்கேதான். ரிசார்ட்டின் பெயர் குரும்பா. அவர்கள் மொழியான திவேஹியில் இளநீர்க் காய்க்கு அதுதான் பெயர். நம் ஊர் 'குரும்பை'யை நினைவுபடுத்தும் சொல்.

1968-ல் நாடு இரண்டாவது முறையாகக் குடியரசானது. இப்ராகிம் நசீர் அதிபரானார். அவர் ஆட்சியின் கொள்கைகளை விமர்சித்துப் பேசினார் என்று 1973-ல் ஒரு படித்த இளைஞரைக் கைது செய்தார்கள். எகிப்தின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர் அவர். 4 ஆண்டுகள் தீவு கடத்தல் என்று தீர்ப்பானது. மகுனுதூ என்ற வடக்குத் தீவுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் மன்னிப்பு கிடைத்துத் திரும்பினார். அடுத்த ஆண்டே மறுபடியும் காவலில் வைக்கப்பட்டார்.

அந்த இளைஞரின் பெயர் மாமூன் அப்துல் கயூம். 1978-ல் அவரே அதிபரானார்.

காவலில் இருப்பது எப்படியிருக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் அதிபராக வருகிறார். இனியாவது அந்த வழக்கம் ஒழியும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு.

ஒரே பெயர்... ஆம், இல்லை!

கயூம் ஆட்சியில் நாடு வளர்ந்தது என்பதை மறுக்க முடியாது. சுற்றுலா பெருகியது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் வந்தன. ஆனால், அதிபர் தேர்தல் என்பது நாம் நினைக்கும் தேர்தல் இல்லை. மஜ்லிஸ் எனப்படும் நாடாளுமன்றம் ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும். மக்கள் அந்தப் பெயருக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் வாக்களிக்கலாம். அரசியல் கட்சிகள் கிடையாது. நீதி வழங்குவதிலும் அதிபரே உச்ச அதிகாரம் கொண்டவர். நீதிபதிகளை நியமிப்பவரும் அவர்தான். சிறைக்குள் ஒருவரை அடித்தார்கள் என்றால், புகார் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடமும் அடித்தவர்களின் தலைமையும் ஒன்றுதான்.

1988 நவம்பர் 3-ம் தேதி இலங்கையிலிருந்து 'பிளாட்' அமைப்பைச் சேர்ந்த சுமார் 80 ஆயுததாரிகள் மாலேயில் வந்து இறங்கினார்கள். மாலத்தீவு வணிகர் ஒருவர் ஆட்சியைப் பிடிக்கப் போட்ட திட்டம் அது. கயூம் இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்று இரவே இந்திய பாராசூட் வீரர்கள் விமானத்தில் போய் இறங்கினார்கள், முயற்சி முறியடிக்கப்பட்டது. சதியில் சிக்கியவர்களுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவரும் கயூம்தான். அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால், பேனா பிடித்தவர்களிடம் அந்த இரக்கம் இல்லை. 1990-ல் 'சங்கு' என்றொரு பத்திரிகை வந்தது. பேர்கூட நமக்குப் பழக்கமான சொல்தான். அரசைக் கேள்வி கேட்டது, சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அதில் எழுதிய முகமது நஷீத் என்ற இளைஞர் சிறைக்குப் போனார். 18 மாதங்கள் தனிமைச் சிறை. 1991-ல் ஆம்னெஸ்டி அமைப்பு அவரை 'மனசாட்சிக் கைதி' என்று அறிவித்தது. உணவில் கண்ணாடித் தூள் கலந்து கொடுத்தார்கள் என்று பின்னாளில் அவர் சொன்னார். அடுத்தடுத்த கைதுகளையும் கூட்டினால் சுமார் 6 ஆண்டுகள் காவலிலேயே கழிந்தன. தன் இரண்டு மகள்கள் பிறந்தபோதும் அவர் அருகில் இல்லை.

2002-ல் 'சந்தானு' என்ற இணைய மடல் நடத்தியதற்காக நான்கு பேரைப் பிடித்தார்கள். மின்னஞ்சலில் அனுப்பும் செய்தி மடல், அவ்வளவுதான். ஆண்கள் மூவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்களோடு வேலை பார்த்த இளம்பெண்ணுக்கு 10 ஆண்டுகள்.

தென்னை மரத்தில் கட்டிவைத்து இரவு முழுக்க விட்டார்கள், உடம்பில் இனிப்பைத் தடவி எறும்பு கடிக்க வைத்தார்கள் என்று முன்னாள் கைதிகள் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்டு நீதிமன்றங்களில் அப்போது ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலமே பெரிய ஆதாரம். வாக்குமூலம் கிடைத்தால் வழக்கு முடிந்தது. அடி ஏன் விழுந்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அந்தத் தாய் செய்தது...

2003 செப்டம்பர் 19. மாஃபுஷி சிறையில் இவான் நசீமைக் காவலர்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள். அவன் இறந்துபோனான்.

இஸ்லாமிய வழக்கப்படி உடலைத் தாமதிக்காமல் அடக்கம் செய்ய வேண்டும். சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அதுவே வசதி. மாலே ஒரு சின்ன ஊர். ஒன்றரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். அரசாங்க வேலை, வீடு, வெளிநாட்டு வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே அரசாங்கத்தைத்தான் நாட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் அதிகாரத்தை எதிர்த்து ஒரு குடும்பம் தனியாக நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இன்னொரு பிள்ளை இருந்தால் அதற்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் முதலில் வரும்.

இவானின் தாய், மகனின் உடலைப் பார்த்தார். காயங்களைப் பார்த்தார். அப்படியே அடக்கம் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. ஊரார் வந்து பார்க்கட்டும் என்றார். வந்தார்கள், பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அதுவரை 'அங்கே அடிப்பார்களாம்' என்று காதோடு காதாகப் பேசிவந்த விஷயம் ஓர் உடலாக அவர்கள் முன்னால் கிடந்தது. இனி யாரும் அதை வதந்தி என்று சொல்ல முடியாது.

மறுநாள் சிறைக்குள் கைதிகள் கொதித்து எழுந்தார்கள். காவலர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். மேலும் 3 கைதிகள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். செய்தி மாலேக்கு வந்தபோது தெருக்கள் பற்றி எரிந்தன. போலீஸ் நிலையங்கள், நீதிமன்றக் கட்டடம், தேர்தல் அலுவலகம் என்று அரசுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அமைதிக்குப் பேர்போன அந்த ஊர் அப்படியொரு நாளை அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த மாதமே வழக்கமான 'ஆம், இல்லை' வாக்கெடுப்பு நடந்தது. கயூமுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்' என்று முடிவு வந்தது. ஊர் எரிந்ததற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருந்தது. ஆனால், பழையபடி இருக்க முடியாது என்பது கயூமுக்கே தெரிந்திருந்தது. விசாரணைக் குழு அமைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 10, உலக மனித உரிமை தினத்தன்று மனித உரிமை ஆணையம் ஒன்றை அறிவித்தார். 2004 ஏப்ரலில் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் மாலத்தீவு இணைந்தது. ஜூன் மாதம் அரசியல் சாசனத்தையே திருத்தப்போவதாகச் சொன்னார்.

இதற்கிடையே கொழும்பில் இருந்தபடி நஷீத்தும் அவரது நண்பர்களும் மாலத்தீவு ஜனநாயகக் கட்சியை அறிவித்துவிட்டார்கள். சொந்த நாட்டில் கட்சி தொடங்க அனுமதி இல்லாததால், பக்கத்து நாட்டில் போய்த் தொடங்கிய கட்சி அது.

கறுப்பு வெள்ளியும் கடல் அலையும்

சீர்திருத்தம் என்று அதிபர் சொன்னதை மக்கள் நம்பத் தொடங்கினார்கள். 2004 ஆகஸ்ட் 12-ம் தேதி இரவு, கைதான செயற்பாட்டாளர்களை விடுவிக்கக் கோரி மாலேயின் குடியரசுச் சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்தது. விடிய விடியக் கலையவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. தடியடி, கண்ணீர்ப்புகை, அவசரநிலை. சுமார் 200 பேர் கைது செய்யப்பட்டார்கள். அதில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உண்டு. அந்த நாளை அவர்கள் இன்றும் 'கறுப்பு வெள்ளி' என்றே சொல்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி, ராணுவத்தோடு ஒன்றாக இருந்த போலீஸ் பிரிக்கப்பட்டுத் தனித் துறையானது.

டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. மாலத்தீவில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சில தீவுகளில் இருந்தவர்கள் ஊரையே காலிசெய்ய வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் உதவிக்கு வந்த நேரத்தில், கறுப்பு வெள்ளியில் கைதான நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீதான வழக்குகளை அரசு கைவிட்டது.

2005 ஜூனில் கட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால், அதே ஆண்டு ஆகஸ்டில், கறுப்பு வெள்ளியின் முதலாண்டு நினைவு நாளில், அதே சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த நஷீத்தை இழுத்துப் போனார்கள். அக்டோபரில் ஜெனிஃபர் லத்தீப் என்ற இளம் செய்தியாளருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 2003 கலவரத்தின்போது போலீஸ் மீது கல் வீசினார் என்று குற்றச்சாட்டு. சட்டத்தில் அதற்கு வைத்த பெயர் பயங்கரவாதம். மறு ஆண்டு அவருக்கு மன்னிப்பு அறிவிக்கப்பட்டபோது அதை அவர் ஏற்க மறுத்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு என்பது அவர் நிலைப்பாடு.

ஒரு கையால் கொடுப்பதும் மறு கையால் பறிப்பதுமாக இப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடின. 2008 ஆகஸ்ட் 7-ம் தேதி புதிய அரசியல் சாசனத்தில் கயூம் கையெழுத்திட்டார்.

இவானுக்குக் கிடைக்காத உரிமைகள்

அந்த சாசனத்தின் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கும்போது, ஒவ்வொரு வரியும் பழைய காயம் ஒன்றைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும்.

48-வது பிரிவு கைதானவரின் உரிமைகளைச் சொல்கிறது. கைதுக்கான காரணத்தை உடனே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். பேசாமல் இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். இந்த 24 மணி நேரக் கணக்கு நமக்கும் தெரிந்ததுதான், நம் அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவிலும் இருக்கிறது. கைதுக்குப் பிந்தைய முதல் நாள்தான் ஒருவருக்கு மிக ஆபத்தான நாள். அவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரியாது. அவர் உடம்பில் என்ன காயம் இருக்கிறது என்று வெளியாள் யாரும் பார்க்க முடியாது. ஒரு நீதிபதியின் கண் அவர் மீது பட்டுவிட்டால், பிறகு எந்தக் காயத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

52-வது பிரிவு வாக்குமூலம் பற்றியது. குற்றம் சாட்டப்பட்டவர், தெளிந்த மனநிலையில், நீதிமன்றத்திலேயே சொன்னால் தவிர, அவரது ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை என்றால், அடிப்பதற்கான காரணமும் குறையும். 54-வது பிரிவு சித்திரவதையைத் தடை செய்கிறது. 57-வது பிரிவு, காவலில் இருப்பவரையும் மனிதராக மதித்து நடத்த வேண்டும் என்கிறது.

இன்னொன்றும் மாறியது. பெண்கள் அதிபராக முடியாது என்றிருந்த பழைய விதி நீங்கியது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்க முடியாது என்றும் ஆனது.

அந்த ஆண்டு அக்டோபரில் பல வேட்பாளர்கள் நின்ற முதல் அதிபர் தேர்தல் நடந்தது. இரண்டாம் சுற்றில் கயூமும் நஷீத்தும் நேருக்கு நேர். சுமார் 54 சதவீத வாக்குகளோடு நஷீத் ஜெயித்தார். வயது 41. கயூம் தோல்வியை ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகள் இருந்த நாற்காலியிலிருந்து இறங்கினார். பழைய ஆட்சியாளர்களைப் பழிவாங்க மாட்டேன் என்றார் நஷீத். சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள்.

கைதி ராணுவத்தை அனுப்பினார்

சாசனம் புதிது. நீதிபதிகள் பழையவர்கள். கயூம் காலத்தில் நியமிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 2010-ல் அப்படியே நிரந்தரமாக்கப்பட்டார்கள். ஊழல் வழக்குகள் நகரவில்லை, எதிர்க்கட்சிக்காரர்களைக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டுமென்றே காப்பாற்றுகிறது என்று நஷீத் அரசு குமுறியது. குமுறலில் நியாயம் இருந்திருக்கலாம்.

2012 ஜனவரி 16-ம் தேதி, குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அப்துல்லா முகமதுவை ராணுவம் கைது செய்தது. ராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் கிரிஃபுஷி தீவுக்குக் கொண்டு போனார்கள். விடுவிக்கச் சொல்லி மேல் நீதிமன்றங்கள் உத்தரவு போட்டன. அரசு கேட்கவில்லை. மூன்று வாரங்கள் அந்த நீதிபதி தீவில் இருந்தார்.

சிறையில் 18 மாதங்கள் தனியாகக் கிடந்தவர், 24 மணி நேர விதியை எழுதவைத்த போராட்டத்தின் முகமாக இருந்தவர், தன் ஆட்சியில் ஒருவரை வழக்கு விசாரணை இல்லாமல் ஒரு தீவில் வைத்திருந்தார். பிடிபட்டவர் நல்ல நீதிபதியா இல்லையா என்பது வேறு விஷயம். சட்டம் நமக்குப் பிடிக்காதவருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மாலேயில் போராட்டம் வெடித்தது. போலீஸில் ஒரு பிரிவினர் கலகம் செய்தார்கள். பிப்ரவரி 7-ம் தேதி நஷீத் பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலக வைத்தார்கள் என்று அவர் பிறகு சொன்னார். அது ஆட்சிக்கவிழ்ப்பு இல்லை என்று விசாரணை ஆணையம் சொன்னது. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

2013 தேர்தலில் அப்துல்லா யாமீன் அதிபரானார். கயூமின் தம்பி அவர், தந்தை ஒருவர், தாய் வேறு. 2015 பிப்ரவரியில் நஷீத் கைதானார். நீதிபதியைக் கைது செய்ய உத்தரவிட்டதற்காகப் பயங்கரவாத வழக்கு. கிழிந்த சட்டையோடு அவரை நீதிமன்றத்துக்குள் போலீஸார் இழுத்துச் செல்லும் படம் உலகம் முழுவதும் போனது. கைதான 19-வது நாளில் தீர்ப்பு, 13 ஆண்டு சிறை. அவர் தரப்புச் சாட்சிகளை விசாரிக்கக்கூட அனுமதிக்கவில்லை. இந்தக் காவல் தன்னிச்சையானது, சட்டத்துக்குப் புறம்பானது என்று ஐ.நா. பணிக்குழு சொன்னது. முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு என்று 2016-ல் லண்டன் போனவர், அங்கேயே அடைக்கலம் பெற்றார்.

80 வயதில் ஒரு கைது

2018 பிப்ரவரி 1. சிறையில் இருக்கும் எதிர்க்கட்சித் தலைவர்களை விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திடீரென்று உத்தரவிட்டது. யாமீன் கேட்கவில்லை. 5-ம் தேதி அவசரநிலை அறிவித்தார். தலைமை நீதிபதி அப்துல்லா சயீதும் இன்னொரு நீதிபதியும் கைது செய்யப்பட்டார்கள். அதே இரவு, எதிர்க்கட்சிகள் பக்கம் சேர்ந்திருந்த அண்ணன் கயூமின் வீட்டுக்கும் போலீஸ் போனது. அப்போது அவருக்கு வயது 80.

விசாரணைக்குத் தன் செல்போனைக் கொடுக்க மறுத்தார் என்பது அவர் மீதான குற்றங்களில் ஒன்று. ஜூன் மாதம் 19 மாத சிறைத் தண்டனை கிடைத்தது. 45 ஆண்டுகளுக்கு முன்பு தீவு கடத்தப்பட்டவர், பிறகு 30 ஆண்டுகள் பலரைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியை நடத்தியவர், மறுபடியும் கைதியானார். இம்முறை அவருக்காக வாதாட வந்தவர்களிடம் இருந்த ஆயுதம், 2008-ல் அவரே கையெழுத்துப் போட்ட சாசனம்.

அந்த ஆண்டு செப்டம்பர் தேர்தலில் யாமீன் தோற்றார். இப்ராகிம் முகமது சோலி ஜெயித்தார். ஒரு வாரத்தில் கயூம் ஜாமீனில் வெளியே வந்தார். நவம்பரில் நஷீத் நாடு திரும்பினார், அவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. மறு ஆண்டு யாமீன் பண மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். 2021-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022 டிசம்பரில் வேறொரு வழக்கில் 11 ஆண்டுகள் தண்டனை. 2023-ல் முகமது முய்சு தேர்தலில் ஜெயித்த கையோடு யாமீன் வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டார். 2024 ஏப்ரலில், கீழ் நீதிமன்ற விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது உயர் நீதிமன்றம்.

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மாலத்தீவில் இதுவரை 8 அதிபர்கள். அமீன் திதி தீவில் அடைபட்டு இறந்தார். நசீர் சிங்கப்பூரில் இருந்தபோது, அவர் இல்லாமலே தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மன்னிப்பு வந்தும், உயிரோடு அவர் ஊர் திரும்பவில்லை. கயூம், நஷீத், யாமீன் மூவரும் காவலில் இருந்தவர்கள். 8 பேரில் 5 பேர்!

கைதிக்கு உரிமை எதற்கு என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 'தப்பு செய்தவனுக்குச் சோறு போடுவதே அதிகம்' என்று டீக்கடையிலும் கேட்கலாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கலாம். உள்ளே இருப்பவன் வேறு யாரோ என்று நினைக்கும்வரை அந்தப் பேச்சு சுலபமாக வரும். மாலத்தீவின் அதிபர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நாற்காலியில் இருந்தபோது அந்தச் சட்டம் அவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது. உள்ளே போன பிறகு அதைத் தவிர வேறு துணை இல்லை.

சட்டம் எழுதியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதற்கும் இந்த வரலாறே சாட்சி. 2013 டிசம்பரில் சித்திரவதைத் தடுப்புச் சட்டமும் வந்தது. சிறைகளுக்குள் போய்ப் பார்க்கும் பொறுப்பு மனித உரிமை ஆணையத்துக்கு இருக்கிறது. ஆனாலும், நஷீத்தின் 19 நாள் விசாரணையும் தலைமை நீதிபதியின் கைதும் இந்தச் சட்டங்கள் எல்லாம் இருந்தபோது நடந்தவைதான். அரசாங்கத்துக்குப் பயப்படாத நீதிபதி இல்லையென்றால், எவ்வளவு நல்ல பிரிவும் வெறும் காகிதம்தான்.

அதற்காகக் காகிதம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2003-ல் மாஃபுஷியில் பிள்ளையை வைத்திருந்த எந்தத் தாய்க்கும், வாசலில் நின்று கேட்பதற்குச் சட்டத்தில் இவ்வளவு தெளிவான துணை இல்லை. இன்று ஒரு வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தக் குடும்பம் போலீஸ் நிலையத்தில் போய் நின்று கேட்கலாம். எதற்காகப் பிடித்தீர்கள்? வழக்கறிஞர் எப்போது பார்க்கலாம்? நாளைக்குள் எந்த நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறீர்கள்? பதில் சொல்லாமல் இழுத்தடிப்பார்கள், மிரட்டவும் செய்வார்கள். ஆனால், கேட்பது குற்றம் என்று சொல்ல முடியாது.

இவான் நசீம் இருந்திருந்தால் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான்.